ஆய்வேட்டுக்காக ஆறு கிழமை வெளிநாட்டுக் காடு: காசு கட்டலாமா?

கேள்வி: 2024 மே 12, மாலை 6.10

தங்கச்சி வந்தாறுமூலையில் விலங்கியல் படிக்கிறாள். அடுத்தது கடைசி வருடம். வெளிநாட்டில் காட்டுயிர் பாதுகாப்புப் பயணம் நடத்துகிற ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஆய்வேட்டை அங்கே போய்த்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆறு கிழமை காட்டுக்குள் முகாம், கூடவே விஞ்ஞானிகள், டேட்டாவும் அங்கேயே எடுக்கலாமாம். கட்டச் சொல்கிற தொகை, பிளைட் இல்லாமலே, என் நாலு மாதச் சம்பளம். நான் கட்டாரில் நிற்கிறேன், இந்தப் படிப்பு எனக்கு விளங்காது. கட்டினால் பிள்ளைக்குப் பிரயோசனமா? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மே 12, இரவு 9.35

கட்ட வேண்டாம் தம்பி.

நான் போனவள். 2016இல், மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபத்தாங்கன் ஆற்றங்கரையில் ஆறு கிழமை. அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தேன். காசு கட்டியது ஹரோவில் இருக்கிற மாமா. இப்போது மட்டக்களப்பில் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். அந்த ஆய்வேட்டை வாசிக்கத் தரச் சொல்லி இதுவரை கேட்டவர் மாமா மட்டும்தான். அவரும் குரங்குப் படம் பார்க்கத்தான் கேட்டார்.

இந்தப் பயணங்கள் எப்படி ஓடுகின்றன என்று முதலில் விளங்கிக்கொள். ஒரு காட்டை வருடக்கணக்காகக் கண்காணிக்கக் காசு வேண்டும். நிதி கொடுக்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தோடு கையை விரிப்பார்கள். அதனால் காசு கட்டி வருகிற ஆக்களை வைத்தே ஆராய்ச்சியை ஓட்டுவது என்று ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவில் எர்த்வாட்ச் 1971இல் தொடங்கியது இந்த வழியில்தான். பிரித்தானியாவின் ஆபரேஷன் வாலேசியா 1995இல் இந்தோனேசியாவில் தொடங்கி, பிறகு ஹொண்டுராஸ், மடகஸ்கர் என்று பரவியது. இப்படிச் சின்னதும் பெரிசுமாகப் பல. ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ கட்டுகிற காசில் தங்கச்சியின் படிப்பும் இருக்கு, முகாமின் டீசலும் அரிசியும் இருக்கு.

பெரும்பாலும் ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் வரைதான் ஆள் எடுப்பார்கள். தவளைக்கும் குரங்குக்கும் அது நல்ல காலம் என்பதால் அல்ல. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு அப்போதுதான் லீவு. உலகத்தின் எத்தனையோ காடுகளை மாணவர்கள் அந்த மூன்று மாதத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கட கம்பஸ்களுக்கு எப்போது லீவு வரும் என்பது மாமாங்கேஸ்வரருக்கே வெளிச்சம்.

மே 12, இரவு 11.50

படுத்தேன், நித்திரை வரவில்லை. மேலே எழுதியதில் பாதி கோபம். கோபம் கினபத்தாங்கன்மேல் இல்லை, வெல்லாவெளியில் நடந்த ஒன்றின்மேல். பிறகு எழுதுகிறேன்.

மே 14

2013 ஜூலை. ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் சும்மா நின்ற காலம். ஐரோப்பாவிலிருந்து ஒரு முதுமாணி மாணவர் வந்தார். தலைப்பு யானை–மனித முரண்பாடு. கையிருப்பு ஐந்து கிழமை. மொழிபெயர்க்க ஆள் தேவை. நாளுக்கு 1,500 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும். எனக்கு அப்போது அது பெரிய காசு. காலையில் குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூரில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளி, அங்கிருந்து அம்பாறை எல்லைவரை வட்டை வட்டையாகத் திரிவோம். (வெளியூர் ஆக்களுக்கு: எங்களிடத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. ரோட்டு இல்லை. வட்டை என்றால் வயல்வெளி.)

கையில் ஒரு கேள்விக்கொத்து. ‘யானைகள் பாதுகாக்கப்பட வேண்டும்.’ முற்றாக உடன்படவில்லை என்றால் 1, முற்றாக உடன்படுகிறேன் என்றால் 5. லைகேட் அளவுகோல் என்பார்கள். ஐந்து பெட்டி, அதில் ஒன்றுக்குள் ஒரு மனிதன்.

வட்டை விதானையார் (வயற்காரரின் தலைவர்) ஒருவர் பரணுக்குக் கீழே இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் கேள்வியை வாசித்தேன். அவர் இடியை நிறுத்தவில்லை.

“ஆனை ஆரு புள்ள? புள்ளையார். அவரப் பாதுகாக்க நாம ஆரு?”

நான் பேசாமல் நின்றேன். கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: “போன மாரிக்கு மூண்டு ஏக்கர் ஒரு ராவுல போயிட்டு. வந்தாரெண்டா வெடிதான் போடணும். வேற என்ன செய்யிற?”

“என்ன நம்பர்?” என்று மாணவர் என்னைப் பார்த்தார்.

அவர் சொன்னது 5ஆ, 1ஆ? பிள்ளையார் பாதி, ஆனைவெடி பாதி. இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில். வெயில் உச்சியில் நின்றது. பையில் இன்னும் இருபது தாள். நான் “5” என்றேன். மாணவருக்கு முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு என் வாயில் 5 கொஞ்சம் லேசாகவே வரத் தொடங்கிவிட்டது. இதை அவருக்கு நான் சொல்லவில்லை.

நாங்கள் போனதோ ஜூலை. அந்த வட்டைகளில் பெரிய அடி விழுவது மாரி வேளாண்மை குடலை தாண்டிக் கதிர் முற்றுகிற தை, மாசியில். ஆறு மாதத்துக்கு முந்திய பயத்தை, வெறும் வரம்பில் நின்று, நினைவிலிருந்து கேட்டு எழுதினோம்.

அடுத்த வருடம் ஆய்வேடு பிடிஎஃப் ஆக வந்தது. நன்றிப் பக்கத்தில் ‘ஒரு உள்ளூர் மொழிபெயர்ப்பாளருக்கும்’ என்று இருந்தது. என் பேர் நாலு எழுத்து. அதைப் போட இடம் இல்லாமல் போய்விட்டது.

நான் சபாவில் அப்படிச் செய்யவில்லை. என்னைக் கொண்டுபோன படகுக்காரரின் பேரைத்தான் நன்றியில் முதலில் போட்டேன்.

மே 15

‘வெள்ளைக்காரன் எல்லாம் டேட்டாத் திருடன் என்கிறீர்களா?’ என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அவசரத்தில் அப்படித் தொனித்திருந்தால் என் பிழை.

வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் பொலன்னறுவைக்கு வந்து செங்குரங்குகளைப் பார்க்கத் தொடங்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதே குரங்குக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்திருக்கிறார். அதை யாரும் பயணம் என்று சொல்ல மாட்டார்கள், அது குடியிருப்பு. எங்கட பக்கத்துக்கும் ஒரு பெரிய வேலை நடந்தது. 1960களின் கடைசியில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் யானை ஆய்வு. அதிலிருந்து ஜோர்ஜ் மெக்கே எழுதிய தென்கிழக்கு இலங்கை யானைகள் பற்றிய நூல் 1973இல் வந்தது. கல்லோயாப் பக்கத்து யானைகளும் அதில் உண்டு. அம்பாறை யானையைப் பற்றி நான் முதலில் உருப்படியாக வாசித்தது வெளியூர்க்காரர் எழுதியதைத்தான். அது கசப்புத்தான், ஆனால் உண்மை.

எங்களவர்கள் எண்ணவில்லையே என்று கேட்டால், எண்ணுகிற நிலைமை இருக்கவில்லை. குமனைத் தேசிய பூங்கா யுத்தத்தால் 1985 தொடக்கம் 2003வரை மூடிக் கிடந்தது. அந்தப் பதினெட்டு வருடம் அங்கே எது முட்டையிட்டது, எது குட்டி போட்டது என்பதற்கு எந்த ஆய்வேட்டிலும் பக்கம் இல்லை.

நீலத் திமிங்கிலங்களை ஆராய்கிற ஆஷா டி வோஸ் ‘பரசூட் அறிவியல்’ பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார். வானத்திலிருந்து இறங்கி, தரவை அள்ளி, உள்ளூரில் யாருக்கும் எதையும் பழக்காமல் ஏறிப் போவது. என் கோபத்துக்குப் பேர் இருக்கிறது என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்.

மே 19

இன்றைக்கு ஞாயிறு, வகுப்பு இல்லை. சபாவைப் பற்றி நீட்டமாகவே எழுதுகிறேன். தம்பி கேட்டது அதைத்தானே, நான்தான் வெல்லாவெளிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கினபத்தாங்கன் 560 கிலோமீட்டர் ஆறு. கீழ்ப்பகுதியில் இரண்டு கரையிலும் காடு ஒரு நாடா மாதிரி. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. என் ஆய்வு நீள்மூக்குக் குரங்குகள் பற்றியது. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அந்தி பட்டதும் ஆற்றோர மரங்களுக்கு வந்துதான் படுக்கும். ஆகவே ஆராய்ச்சிக்காரருக்குச் சுகம். காட்டுக்குள் ஓட வேண்டாம், நாலரைக்குப் படகில் ஏறினால் போதும். ஒரு ஆண், நாலைந்து பெண், குட்டிகள் என்று கூட்டமாக இருக்கும். எந்த மரம், எவ்வளவு உயரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், பின்னால் காடா பனையா. இதுதான் என் தாள்.

காலையில் மற்றவர்களின் வேலைக்கும் போக வேண்டும். பறவைக்கு வலை கட்டுவது, கமரா மாற்றுவது, அளந்து வைத்த கோட்டில் நடந்து சாணமும் கால்தடமும் தேடுவது. இரவில் முதலை. டோர்ச் அடித்தால் கண் சிவப்பாக மின்னும், அதை எண்ண வேண்டும். எங்கட வாவியிலும் முதலை இருக்கு, நான் ஒருநாளும் எண்ணியதில்லை. கண்டால் கரையேறத்தான் தெரியும்.

31 அந்தி. 214 பதிவு. பெருமையோடு இங்கிலாந்துக்குத் திரும்பி மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இது எத்தனை கூட்டம்?” 214 என்றேன். “இல்லை, எத்தனை வேறு வேறு கூட்டம்?”

பதினொன்று.

ஆறு கிலோமீட்டர் கரை, அதே கூட்டங்கள், அதே ஆண்கள். அவற்றையே ஒவ்வொரு நாளும் புதிதாக எண்ணியிருக்கிறேன். போலி மறுபதிவு என்று இதற்குப் பேர். வட்டைக்காரனுக்குச் சொல்வதென்றால், ஒரு பட்டி மாட்டை மாதம் முழுக்க எண்ணிவிட்டு ஊரில் முப்பது பட்டி இருக்கு என்று கணக்குக் கொடுத்த கதை. புள்ளியியல் முழுவதையும் மாற்றிச் செய்ய வேண்டி வந்தது. 214இல் பிறந்த பெரிய முடிவுகள் 11இல் சுருங்கி, ‘இருக்கலாம்’, ‘போலத் தெரிகிறது’ ஆகிவிட்டன. ஆறு கிழமைப் பயணத்தில் ஆய்வேடு செய்கிற எத்தனையோ பேர் விழுகிற குழி இது. நேரம் குறைவு, ஆகவே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள், எண்ணிக்கை கூடக் கூட நெஞ்சு நிமிரும்.

இனி மற்றப் பக்கம். மழை கொட்டிய ஒரு அந்தி, ஒரு குரங்குகூட இல்லை. நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். முகாம் பொறுப்பாளர் இரவு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நேரம், மழை, தூரம், எண்ணிக்கை 0 என்று எழுத வைத்தார். எழுதி முடிக்கும்வரை சாப்பாட்டு மேசைக்கு விடவில்லை. காணவில்லை என்பதும் கண்டதுதான் என்று புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். பசியோடு எழுதியபோதுதான் மண்டையில் ஏறியது.

ஆகவே, ‘கட்ட வேண்டாம்’ என்று முதல்நாள் எழுதியதிலிருந்து ஒரு அடி பின்னால் வருகிறேன். ஒவ்வொரு இரவும் உன் தாளைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் இருப்பார் என்றால், முந்திய வருடங்களின் தரவையும் கையில் தருவார்கள் என்றால், அதில் விலை இருக்கு. எழுதிக் கேட்கச் சொல்லு: எத்தனை வருடத் தரவு, யாருடைய பேரில் அனுமதி, நான் எடுப்பதை நான் வெளியிடலாமா, பொறுப்பாளர் ஆறு கிழமையும் முகாமில் நிற்பாரா, அல்லது இரண்டாம் கிழமை வேறொருவர் வருவாரா. ‘மறக்க முடியாத அனுபவம்’ என்று பதில் வந்தால் விட்டுவிடு. அனுபவத்துக்குப் பாசிக்குடா போதும்.

மே 20

நீள்மூக்குக் குரங்கு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: தொங்குகிற பெரிய மூக்கு, சிவந்த முகம், தள்ளின வயிறு. மலாய்க்காரர் அதற்கு வைத்த பேர் ‘மோன்யெட் பெலாண்டா’. ஒல்லாந்தர் குரங்கு. ஒல்லாந்தர் 1638இல் பிடித்துக் குந்தின கோட்டை இன்னும் எங்கட வாவிக்கரையில் நிற்குது, நாங்கள் அதைக் கச்சேரியாக்கினதோடு சரி. இப்படி ஒரு பேர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜூன் 2

ஒரு திருத்தம்.

மே 14இல், படகுக்காரரின் பேரை நன்றியில் முதலாவதாகப் போட்டேன் என்று எழுதினேன். நேற்றுப் பழைய ஹாட் டிஸ்க் ஒன்றைத் திறந்தேன். தம்பியின் தங்கச்சி என் ஆய்வேட்டைக் கேட்டிருந்தாள், அனுப்புவதற்காக. நன்றிப் பக்கம் இப்படிப் போகிறது: மேற்பார்வையாளர், முகாம் பொறுப்பாளர், காசு கட்டிய மாமா, அம்மா, அறைத் தோழி. கடைசி வரியில், ‘சமையல்காரருக்கும் படகோட்டிகளுக்கும்’.

படகோட்டிகள். பன்மை. 31 அந்தியும் என்னை ஏற்றிப்போனது ஒரே ஆள்.

பேர் போட்டேன் என்று எட்டு வருடம் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வெல்லாவெளிக் கதையை எவ்வளவு பேருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் இந்த வரியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது எனக்கு நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

இன்னும் இருக்கு. அந்தப் பதினொரு கூட்டம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நான் 214 என்று நின்றவள். படகில் இருக்கும்போது படகுக்காரர்தான் சொல்வார், இது நேற்று வளைவில் பார்த்த ஆண், இடக்காது கிழிந்தது; அது மேலே இருந்து வந்த கூட்டம், குட்டி புதிது. அதைச் சும்மா தாளின் ஓரத்தில் கிறுக்கி வைத்தேன். மேற்பார்வையாளர் கேட்டபோது அந்தக் கிறுக்கலைப் பார்த்துத்தான் பதினொன்றைப் பிரித்தேன். அதாவது ஆய்வேட்டில் கடைசியில் மிஞ்சிய ஒரேயொரு சரியான எண் அவருடையது.

ஆற்றங்கரைச் சனம், ஓராங் சுங்கை என்பார்கள். எல்லாரும் அவரை ‘பாங்’ என்றுதான் கூப்பிட்டோம். மலாயில் அண்ணன். இப்போது அவருக்கு எழுத வேண்டும் என்றாலும் பேர் தெரியாது.

ஜூன் 5

‘விடுங்கள் அக்கா, அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான்’ என்று எழுதியவர்களுக்கு, சரி. 2013இல் வந்தவருக்கும் அதே வயதுதான்.

வேலைக்கு வருவோம். தங்கச்சி இரண்டு தரம் கோல் எடுத்தாள். கெட்டிக்காரி. சபாவும் வேண்டாம், ஹொண்டுராசும் வேண்டாம், குமனையில் செய்யலாமா என்று இப்போது கேட்கிறாள். செய்யலாம், ஆனால் தேசிய பூங்காவுக்குள் ஆய்வு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். வனத் திணைக்களத்தின் காடு என்றால் அது வேறு கதவு. மாதக்கணக்கில் முன்னாலேயே விண்ணப்பம் போடு என்று சொன்னேன். வெளிநாட்டவருக்கு இங்கே உள்ளூர்ப் பங்காளி ஒருவரும் வேண்டும். சபாவிலும் அப்படித்தான், பல்லுயிர் மையத்தின் உரிமம் இல்லாமல் இலைகூட வெளியே போகாது. முகாம் நடத்தியவர்கள் எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார்கள். அதன் அருமை அப்போது தெரியவில்லை. காசில் ஒரு பங்கு அதற்கும்தான் போயிருக்கும். இதையும் முதல்நாள் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பூங்காவுக்கு வெளியே பார் என்றேன். 2021இல் வெளிவந்த நாடளாவிய யானை ஆய்வின்படி, யானை உலவுகிற நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். யானை ஆய்வு என்றதும் எல்லாரும் பூங்கா வாசலில் போய் நிற்கிறோம், யானை வரம்பில் நிற்குது. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானை செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அங்கே போக யாருக்கும் முகாம் கட்டணம் இல்லை. மூக்கைப் பொத்தத் துணி ஒன்று போதும்.

ஜூன் 22, விடியல் 1.15

இழைக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பொசன் நிலவுக்குக் கல்லடிப் பாலத்தில் நின்றுவிட்டு வந்தேன். வாவிக்கடியில் பாடுவதாகச் சொல்கிற பாடுமீனைக் கேட்க. பழைய பாலத்தடியில் ஒரு தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் வைத்து மற்ற நுனியைக் காதில் வை என்றார். வைத்தேன். புதுப் பாலத்தில் போகிற லொறிச் சத்தம்தான் முதலில். பிறகு, இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும்.

மீனா, சிப்பியா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வெளிநாட்டு முகாம்களில் நீருக்கடி மைக்கை மாதக்கணக்கில் போட்டு வைத்துக் கேட்கிறார்கள். இங்கே 56 கிலோமீட்டர் வாவிக்கு ஊர் இலச்சினையில் மீன் இருக்கு, சத்தப் பதிவு ஒன்றை ஒழுங்காக வைத்திருக்கிற இடம் எனக்குத் தெரிய இல்லை. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர்வரை பூரணையில் கேட்கும் என்பது ஊர்வழக்கு. மற்ற நாட்களில் யார் கேட்டுப் பார்த்தது? எல்லாரும் பூரணைக்குத்தானே போகிறோம். நாங்களும் ஜூன்–ஆகஸ்ட்காரர்தான்.

ஜூன் 29

சபா யானைக்கு வந்த செய்தி பார்த்தீர்களா? போர்னியோ யானையை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் தனியாக மதிப்பிட்டு, அழியும் ஆபத்தில் உள்ளது என்று சேர்த்திருக்கிறார்கள். சுமார் 1,000தான் மிச்சமாம். நான் அங்கே ஆறு கிழமையில் ஒரே ஒரு தரம் கண்டேன், ஆற்றை நீந்திக் கடந்த ஏழு. கல்லோயாவில் சேனநாயக்க சமுத்திரத்தைத் தீவுக்குத் தீவு நீந்துகிறவர்களின் சின்னத் தம்பிமார் மாதிரி.

ஒரு காலத்தில், இவை சூலு சுல்தானுக்குப் பரிசாக வந்த யானைகளின் வாரிசுகள், காட்டு யானையே அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, இவை மூன்று லட்சம் வருடம் அளவுக்குத் தனியாகப் பிரிந்து நிற்கிறவை என்று மரபணு பார்த்து 2003இல் எழுதிய குழுவின் முதல் பேர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ. எங்கட நாட்டுக்காரர். மேலே சொன்ன 70 வீதக் கணக்கும் அவருடைய குழுவினதுதான். சபா முகாமில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் பீற்றித் திரிந்தேன். வெளிநாட்டுக் காட்டுக்குப் போகவே கூடாது என்றால் அவரும் போயிருக்கக் கூடாது. மே 12இல் இதை யோசிக்கவில்லை.

ஜூலை 4

தங்கச்சி ஏன் இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை என்று தம்பி கேட்கிறார். அம்மாவோடு கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தையில் இறங்கியிருக்கிறாள், காட்டுக்குள் சிக்னல் இல்லை. குமனைக்குள் ஆய்வு அனுமதி இல்லாமல் நடக்கிற ஒரே வழி அதுதான். முருகனே கையெழுத்து.

ஜூலை 14

நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் போனேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு அதே பாதை, அதே மண்டூர்த் துறை. மோட்டார் சைக்கிள் மட்டும் அவளுடையது, ஓட்டினதும் அவள். காதுக்குள் காற்றடிக்கத் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேள்விக்கொத்து இல்லை. வரப்போகிற மாரிக்கு, விதைப்பிலிருந்து அறுவடைவரை, வட்டையில் காவலுக்குப் படுக்கிற ஆக்களிடம் ஆளுக்கொரு கலண்டர். யானை வந்த இரவுக்கு ஒரு குறி, எத்தனை, எந்தப் பக்கத்தால். வராத இரவுக்கும் ஒரு குறி. ஒரு பரண் ஒரு அலகு. நான் எச்சரிக்க முதலே, பக்கத்துப் பக்கத்துப் பரண்களை வேறு வேறாக எண்ணக் கூடாதுதானே அக்கா என்றாள். கலண்டர் பிடிக்கிற எல்லாருடைய பேரும் அவரவர் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் வரும், பின்பக்கத்தில் அல்ல. அதை அவளுடைய சுப்பவைசரும் ஒத்துக்கொண்டாராம்.

விதானையாரைக் கண்டோம். இப்போது வட்டை மகனிடம். கண் கொஞ்சம் மங்கல், வெற்றிலை மட்டும் குறையவில்லை. என்னைக் குரலில்தான் பிடித்தார்.

“அண்டைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பியோட வந்த புள்ளதானே?”

ஓம் என்றேன். தங்கச்சி கலண்டரைக் காட்டி விளக்கினாள். வராத ராவை எழுதி என்ன செய்யிற என்று கேட்டார். வராத இரவு எத்தனை என்று தெரியாவிட்டால் வந்த இரவு கூடினதா குறைந்ததா தெரியாது என்றாள். அவர் கொஞ்சம் மென்றார். “அப்ப மழை பெஞ்ச ராவையும் எழுது. மழைக்கு வாற ஆனை வேற, நிலவுக்கு வாற ஆனை வேற.” அவள் கலண்டரில் அந்த இடத்திலேயே ஒரு கட்டம் கூட்டினாள். நான் கினபத்தாங்கன் படகில் ஓரத்தில் கிறுக்கினதை அவள் நடுவில் எழுதினாள்.

கிளம்பும்போது கேட்டார்: “அண்டைக்கு என்னட்டக் கேட்டு ஒரு இலக்கம் போட்டயே. என்ன போட்ட?”

5 என்றேன்.

“அஞ்சா?” தலையை ஆட்டினார். “பிழையாப் போட்டுட்ட புள்ள. எனக்குப் போனது மூண்டு ஏக்கர்தானே.”

ஜூலை 15

தம்பி, காசு கட்டவா வேண்டாமா என்று இன்னும் கேட்கிறாய். அவள் போகப் போவது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு, பாதைக்குச் சில்லறை போதும். நாலு மாதச் சம்பளத்தை வைத்திரு, எம்.எஸ்சி.க்கு எங்காவது போகும்போது கேட்பாள். அப்போது சபா என்றால் சொல்லு, படகுத்துறையில் இறங்கி விசாரிக்க ஒரு ஆள் இருக்கு.

இப்போதைக்கு, கட்டாரிலிருந்து வரும்போது தலையில் கட்டுகிற லைட் ஆறு கொண்டு வா. வெள்ளை மட்டும் உள்ளது வேண்டாம், சிவப்பு வெளிச்சமும் உள்ளதாகப் பார். ஐந்து பரணுக்கு, ஒன்று விதானையாருக்கு. அவர் காவலுக்குப் போகிறதில்லை, ஆனாலும் கேட்டார்.